ஆப் ஓடினால் மட்டும் ஆய்வாகிவிடாது: தகவல் அமைப்புகளில் வடிவமைப்பு அறிவியல் ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

எம்.சி.ஏ. முடித்துவிட்டு பிஎச்.டி. பதிந்திருப்பவர்கள், எம்.பி.ஏ.வில் சிஸ்டம்ஸ் எடுத்து ப்ராஜெக்டையே ஆய்வாக்கலாமா என்று யோசிப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடிவமைப்பு அறிவியல் ஆய்வு என்பது, ஒரு பிரச்சினைக்கு ஆப் மாதிரி ஒன்றை வடிவமைத்துச் சோதித்து, அதன் வழியே புது அறிவைத் தேடுவது. கிருஷ்ணகிரி, பர்கூர், தர்மபுரி பக்கமிருந்து இந்த வகை ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் புரோகிராம் கோடு எழுதத் தெரியும், அதில் குறையில்லை. ஆப் ஓடுகிறது, ஸ்கிரீன்ஷாட் நாற்பது பக்கம் இருக்கிறது, வைவாவில் வெளித்தேர்வாளர் "சரி, இதைச் செய்ததால் உலகத்துக்குப் புதிதாக என்ன தெரிந்தது?" என்று கேட்கும்போதுதான் சிக்கல். அந்தக் கேள்விக்கான பதிலை ஆப் செய்வதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

உதாரணத்துக்கு நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்: சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசையில் நிற்பது. இதற்கு ஒரு டோக்கன் ஆப் செய்ய வேண்டும் என்று ஒரு மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காலண்டர். நம் பக்கத்துப் பிரச்சினைகள் பாதி சீசனோடு வந்து சீசனோடு போகிறவை. மாங்கூழ் ஆலைகள் ஜூன், ஜூலையில் ராத்திரி பகலாக ஓடும், அப்புறம் வாசலில் ஈ காக்கை இருக்காது. ஜூனில் சோதிக்க வேண்டியதை ஆகஸ்டில் தயார் செய்தால் ஒரு வருஷம் போச்சு. அதனால் கடைசிச் சோதனை எந்த வாரம் என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற வேலைகளைத் திட்டமிடுங்கள்.

அடுத்தது அனுமதி. ஆலையின் வாயில் பதிவேட்டைப் பார்க்கவும், வண்டிக்காரர்களிடம் பேசவும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "வாங்க தம்பி, பாத்துக்கலாம்" என்று ஜனவரியில் சொன்ன மேலாளர் ஜூனில் வேறு ஊருக்கு மாறியிருப்பார். உங்கள் பல்கலைக்கழகம் நெறிமுறைக் குழு ஒப்புதல் கேட்டால் அதற்கும் இப்போதே விண்ணப்பியுங்கள், அது தன் வேகத்தில்தான் வரும்.

மூன்றாவது, மூன்று கட்டுரைகள், இந்த வரிசையில். ஹெவ்னர், மார்ச், பார்க், ராம் நால்வரும் 2004இல் எம்.ஐ.எஸ். குவாட்டர்லி என்ற ஆய்விதழில் எழுதியது: எது இந்த வகை ஆய்வாகும் என்பதற்கு ஏழு வழிகாட்டு நெறிகள். பெஃபர்ஸும் கூட்டாளிகளும் 2007இல் தந்தது: ஆறு கட்ட வேலைமுறை. கிரெகரும் ஹெவ்னரும் 2013இல் எழுதியது: உங்கள் பங்களிப்பு என்ன வகை என்று எடுத்துச் சொல்வது எப்படி. முதல் கட்டுரை இல்லாமல் இரண்டாவதைப் படித்தால் சாஃப்ட்வேர் லைஃப் சைக்கிள் பாடம் மாதிரிதான் தெரியும், அதனால்தான் வரிசையைச் சொல்கிறேன்.

ஏழு நெறிகளையும் ஒரு அட்டவணையில் போட்டு எதிரே டிக் அடிப்பது எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறது. எழுதியவர்களே அதை அப்படி இயந்திரம் மாதிரிப் பயன்படுத்தாதீர்கள் என்று அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள்.

2. 'ஆப்' என்று எழுதாமல் ஒரு பக்கத்தில் பிரச்சினை

ஒரு பக்கம். அதில் ஆப், போர்ட்டல், பிளாக்செயின், ஏ.ஐ. எதுவும் வரக்கூடாது. பிரச்சினை மட்டும். தீர்வின் பெயர் உள்ளே வந்துவிட்டால் பிரச்சினை அந்தத் தீர்வுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். "டோக்கன் ஆப் இல்லாததே பிரச்சினை" என்று எழுதியவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

இதை எழுத வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே போனால்தான் தெரியும் விஷயம் ஒன்று சொல்கிறேன். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட எல்லோரும் எடைமேடைச் சீட்டைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அதில் நேரம் அச்சாகியிருக்கும். ஆனால் அதில் இருப்பது வண்டி மேடை ஏறிய நேரம். அதற்கு முன் ரோட்டோரம் டிரைவர் டயரடியில் துண்டை விரித்துப் படுத்திருந்த நேரம் எந்தச் சீட்டிலும் இல்லை. சீட்டை வைத்துச் சராசரி போட்டால் பிரச்சினையே இல்லை என்று வரும்! ரோட்டு வரிசையின் கடைசியில் ஒரு ஆளை உட்காரவைத்து, வண்டி எண்ணையும் வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சீட்டோடு வண்டி எண்ணைப் பொருத்திப் பார்த்தால்தான் உண்மையான காத்திருப்பு கிடைக்கும்.

அதே பக்கத்தில் இது யாருடைய பிரச்சினை என்றும் எழுதுங்கள். வெயிலில் நிற்கும் காய் எடை குறையும், டன் கணக்கில் விற்கும் விவசாயிக்கு அது நேரடி நஷ்டம். டிரைவருக்கு அடுத்த நடை போகிறது. ஆலைக்கோ? வாசலில் பத்து வண்டி நின்றால் இயந்திரம் சும்மா இருக்காது என்ற தைரியம். ஆலைக்கு அது பிரச்சினையாகவே படாமல் இருக்கலாம். இதைக் கவனிக்காமல் "அனைத்துத் தரப்பினரும் பாதிக்கப்படுகின்றனர்" என்று எழுதினால், பிறகு ஆலை ஏன் ஒத்துழைக்கவில்லை என்று புரியாமல் முழிப்பீர்கள்.

ஆப்பை ஏற்கெனவே செய்துவிட்டேன், இப்போது என்ன செய்ய என்று கேட்பவர்களுக்கு: பெஃபர்ஸ் முறையில் நடுவிலிருந்தும் நுழையலாம், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் விட்டுவந்த கட்டங்களுக்குத் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும்.

3. இது வழக்கமான வேலையா, ஆய்வா என்று பாருங்கள்

கிரெகர், ஹெவ்னர் இருவரும் தரும் நாலு கட்டம் (பெட்டி) போட்ட படத்தை இங்கே எடுங்கள். தீர்வும் பழசு, பிரச்சினையும் பழசு என்றால் அது வழக்கமான வடிவமைப்பு. நல்ல வேலை, சம்பளம் கிடைக்கும், பட்டம் கிடைக்காது. தெரிந்த பிரச்சினைக்குப் புதுத் தீர்வு என்றால் மேம்பாடு. தெரிந்த தீர்வை வேறொரு புது இடத்துக்குக் கொண்டுபோவது மூன்றாவது. இரண்டுமே புதுசு என்றால் கண்டுபிடிப்பு, அது அபூர்வம், அவசரப்பட்டு அங்கே உட்காராதீர்கள்.

டோக்கன் முறை ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் என்றைக்கோ வந்துவிட்டது. அதை மாங்காய்க்குக் கொண்டுவருவது மூன்றாவது கட்டம். அப்படியானால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: அப்படியே கொண்டுவந்தால் இங்கே ஏன் சரிப்படாது? இந்தக் கேள்விக்கு விடை இல்லையென்றால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில்தான் நிற்கிறீர்கள்.

இங்கே விடை இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். மரத்திலிருந்து இறக்கிய காயைத் திரும்ப மரத்தில் ஏற்ற முடியாது. வாசலில் டோக்கன் கொடுத்தால் வரிசைக்கு எண் போட்டதாகத்தான் ஆகும், வரிசை அப்படியே இருக்கும். காய் பறிக்கும் முன்பே நேரம் ஒதுக்கினால்தான் ஏதாவது மாறும். ஆய்வின் உயிர் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது, ஆப்பின் நிறத்திலோ லாகின் பக்கத்திலோ இல்லை.

4. அடித்தளக் கோட்பாடு ஒன்றோ இரண்டோ போதும்

நிறையப் பேர் இங்கே டேவிஸின் 1989 தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுகிறார்கள். மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும். வரிசை ஏன் நீள்கிறது என்று சொல்லாது. உங்கள் வடிவமைப்பு முடிவுகளுக்குக் காரணம் தரும் கோட்பாடுதான் உங்களுக்கு வேண்டும்.

நம் உதாரணத்துக்கு ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி போதும்: வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கை, வருகை வேகத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். வாசலில் சராசரியாக 40 வண்டி நிற்கிறது, மணிக்கு 5 வண்டி வந்து 5 வண்டி உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிக்குச் சராசரியாக 8 மணி நேரம். இதில் ஆப் எதை மாற்ற முடியும்? ஆலை இறக்கும் வேகத்தை மாற்ற முடியாது. வாசலில் நிற்கும் எண்ணிக்கையைத்தான் மாற்ற முடியும், அதாவது காத்திருப்பை ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு நகர்த்த முடியும். கணக்கைப் போட்ட உடனேயே "ஆலையின் உற்பத்தி கூடும்" என்று சினாப்சிஸில் எழுதிய வரியை அடித்துவிடலாம்.

இரண்டாவதாக, டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியது: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும்; நியாயமில்லாத வரிசையும் அப்படியே. டோக்கனில் வெறும் எண் போடுவதா, நேரம் போடுவதா என்ற கேள்விக்கு இது காரணம் தருகிறது. ஒவ்வொரு வடிவமைப்பு முடிவுக்கும் இப்படி ஒரு "ஏன்" இருந்தால் ரிகர், அதாவது ஆய்வின் கறார்த்தன்மை, பற்றிய கேள்விக்குப் பயப்பட வேண்டாம்.

5. உடையக்கூடிய ஒரு வாக்கியம் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் இதை மட்டும் செய்தால்கூட எனக்குத் திருப்தி. கோடு எழுதும் முன், பொய்யாகிப்போக வாய்ப்புள்ள ஒரு வாக்கியத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கைடிடம் கொடுங்கள்.

"விவசாயிகளுக்குப் பயனுள்ள செயலி உருவாக்கப்படும்" என்பது உடையாது. என்ன நடந்தாலும் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டிருக்கும். இதைப் பாருங்கள்: "இறக்கும் வேகம் மாறாத நிலையில், காய் பறிக்கும் முன்பே வரவேண்டிய நேரத்தை ஒதுக்கினால், வாசலில் சராசரிக் காத்திருப்பு குறையும், ஏனென்றால் நேரம் தெரிந்தவர் பறிப்பைத் தள்ளிவைப்பார்." இது உடையும். காத்திருப்பு குறையாமல் போகலாம், குறைந்தாலும் பறிப்பைத் தள்ளிவைத்ததால் குறைந்ததாக இல்லாமல் போகலாம்.

அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934இல் வலியுறுத்தியது இதைத்தான்: பொய்யென்று காட்ட வழியில்லாத கூற்று அறிவியல் கூற்றாகாது. ஆனால் பாப்பரோடு நின்றுவிட்டால் களத்தில் தடுமாறுவீர்கள். காத்திருப்பு குறையவில்லை என்று வையுங்கள், எது தப்பு? முன்கூட்டி நேரம் ஒதுக்கும் யோசனையா, அன்றைக்கு நெட்வொர்க் இல்லாததா, கொதிகலன் நின்றுபோனதா, காய் பறிக்க ஆள் ஒப்புக்கொண்ட நாளில்தான் பறிக்க முடியும் என்பதா? ஒரு கருத்தைத் தனியாக எடுத்துச் சோதிக்க முடியாது, அதோடு ஒட்டிய துணை அனுமானங்களும் சேர்ந்தே சோதனைக்கு வரும் என்பதை தத்துவவாதிகள் டூயமும் குவைனும் சொன்னது இந்த இடத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

அதனால் வாக்கியத்துக்குக் கீழே துணை அனுமானங்களின் பட்டியல் ஒன்று போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வையுங்கள்: இயந்திரம் நின்ற நேரம், எஸ்.எம்.எஸ். போய்ச்சேராதவை, நேரம் தவறி வந்தவர் சொன்ன காரணம். பதிவு இருந்தால் தோல்வியும் அறிவாகும், இல்லையென்றால் சாக்காகும்.

6. தத்துவ நிலைப்பாடு இப்போது, முதலில் அல்ல

மூன்றாம் அத்தியாயத்தில் ஆய்வுமுறையை அடுக்கடுக்காகக் காட்டும் அந்த வெங்காயப் படத்தை ஒட்டி, பாசிட்டிவிசம் (அளந்து அறிவது), இன்டர்பிரெட்டிவிசம் (அவரவர் தரும் பொருளைப் புரிந்துகொள்வது), பிராக்மாட்டிசம் (நடைமுறை விளைவைப் பார்ப்பது) மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு பத்தி எழுதி, "இவ்வாய்வு பிராக்மாட்டிசத்தைப் பின்பற்றுகிறது" என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் ஆய்வில் ஒன்றும் மாறாது என்றால் அது எதற்கு?

உடையக்கூடிய வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன வகைப் பொருளைக் குறிக்கிறது? "சராசரிக் காத்திருப்பு" யார் கடிகாரத்தில் பார்த்தாலும் ஒன்றுதான், அளக்கலாம். "நியாயமான வரிசை" அப்படியில்லை. பெரிய சப்ளையரின் லாரியை முன்னால் விடுவது ஆலைக்கு நியாயம், டிராக்டர்காரருக்கு அநியாயம். அதை அவரவர் வாயால் கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும், கேள்வித்தாளில் ஐந்து கட்டம் போட்டு வாங்க முடியாது. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரரிடம் பேச வேண்டியிருந்தால் தெலுங்கு தெரிந்த ஒருவரோடு போங்கள், நியாயம் அநியாயம் எல்லாம் ஆளுக்கு வீட்டுமொழியில்தான் சரளமாக வரும்.

இந்த இரண்டு வகைச் சான்றையும் ஒரே ஆய்வில் சேர்க்க பிராக்மாட்டிசம் இடம் தருகிறது. ஆனால் "வேலை செய்தால் போதும்" என்று அர்த்தமில்லை. பிராக்மாட்டிசத்தைத் தொடங்கிய தத்துவவாதி பியர்ஸ் சொன்னபடி, ஒரு கருத்தின் பொருள் அதிலிருந்து நடைமுறையில் என்ன விளையும் என்பதில் இருக்கிறது. ஆகவே என்ன விளையும் என்று முன்கூட்டியே சொல்லும் பொறுப்பு உங்களுக்குக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். "காத்திருப்பு குறைகிறது" என்பதிலிருந்து "ஆகவே இதைச் செய்ய வேண்டும்" என்று நேராகத் தாண்ட முடியாது, தத்துவவாதி ஹியூம் கிழித்த கோடு அது. நடுவில் யாருடைய நலன் என்ற தேர்வு இருக்கிறது. தரகர்கள் பத்துப் பத்து நேரமாக மொத்தமாகப் பதிந்துவிட்டால் சராசரி குறையும், சொந்த வண்டி இல்லாத சிறு விவசாயி வெளியே நிற்பார். இதை நோக்கங்களில் எழுதுங்கள்.

அடுத்தது தத்துவவாதி மரியோ பங்கே காட்டியது: ஒரு விதிமுறை பலன் தந்ததாலேயே அதன் பின்னால் இருக்கும் கோட்பாடு உண்மை என்று ஆகாது. அந்த வாரம் மேலாளர் தானே வாசலில் நின்றதால்கூட வரிசை சீராகியிருக்கலாம்.

7. கட்டுங்கள், முடிவுகளைக் குறித்துக்கொண்டே கட்டுங்கள்

இதில் சொல்ல அதிகம் இல்லை, உங்களுக்குத் தெரிந்த வேலை. ஒன்று மட்டும்: மார்ச்சும் ஸ்மித்தும் 1995இல் ஆர்ட்டிஃபேக்டை, அதாவது வடிவமைத்து உருவாக்கிய பொருளை, நாலாகப் பிரித்தார்கள்: கருத்துச் சொற்கள், மாதிரி, முறை, இயங்கும் வடிவம். உங்கள் ஆப் கடைசி வகை. நேரம் ஒதுக்கும் விதி, அதாவது யாருக்கு எந்த நேரம், தவறினால் என்ன, இயந்திரம் நின்றால் மீதிப் பேருக்கு என்ன என்பது முறை. ஆய்வின் மதிப்பு பெரும்பாலும் முறையில்தான், அதனால் அது ஆப் இல்லாமல் ஒரு நோட்டிலும் ஒரு போனிலும் ஓடுமா என்று பாருங்கள். ஓடினால் முதல் வாரம் அப்படியே ஓட்டுங்கள், நிறைய கோடு மிச்சமாகும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, காரணம், கைவிட்ட மாற்றுவழி என்று எழுதிவையுங்கள். வடிவமைப்பு ஒரு தேடல் என்று 2004 கட்டுரை சொல்வதற்கு உங்கள் ஆதாரம் இந்தக் குறிப்புதான். கோடு மாற்றங்களைச் சேமிக்கும் ஜிட்டின் கமிட் செய்திகளில் "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2" என்று இருந்தால் அதிலிருந்து ஒன்றும் தேறாது.

8. மதிப்பீடு: முதலில் மேசையில், அப்புறம் வாசலில்

வெனபிள், பிரைஸ்-ஹேயே, பாஸ்கர்வில் மூவரும் 2016இல் தந்த சட்டகம் இங்கே உதவும். மதிப்பீடு திருத்துவதற்கா, தீர்ப்பு சொல்வதற்கா என்பது ஒரு அச்சு; செயற்கைச் சூழலா, இயல்பான சூழலா என்பது இன்னொன்று. நமக்கு வாசல் வருஷத்துக்குச் சில வாரம்தான் திறந்திருக்கும் என்பதால், திருத்துகிற மதிப்பீட்டையெல்லாம் முன்பே மேசையில் முடித்துவிட வேண்டும்: போன சீசனில் நீங்கள் எடுத்த வருகை நேரங்களைச் சிமுலேஷனில் ஓட்டி, பாதிப் பேர் நேரம் தவறினால் என்ன ஆகும், ஒரு மணி நேரம் இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

வாசலுக்குப் போகும்போது ஒப்பிட ஏதாவது வேண்டும். ஒரு நாள் டோக்கன், ஒரு நாள் வழக்கம்போல என்று மாற்றி மாற்றிச் செய்யலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். நேற்றைய மிச்ச வண்டிகள் இன்றைய வரிசையின் தலையில் நிற்கும், இரண்டும் கலந்துவிடும். வாரக் கணக்கில் மாற்றுங்கள், ஒவ்வொரு வாரத்தின் முதல் நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வரத்து எவ்வளவு என்பதையும் கூடவே எழுதுங்கள். வரத்தே குறைந்த வாரத்தில் வரிசை குறைந்ததை ஆப்பின் வெற்றி என்று போட்டுக்கொள்ளும் ஆபத்து பெரிது.

கேள்வித்தாள் பற்றி. வகுப்புத் தோழர்கள் முப்பது பேரிடம் கூகுள் ஃபார்ம் அனுப்புவது மதிப்பீடு இல்லை, அவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்றதில்லை. பயன்பாட்டு எளிமையை அளக்கும் எஸ்.யு.எஸ். (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) பத்துக் கேள்வி கொண்டது, நூற்றுக்கு மதிப்பெண் வரும், 68 என்பது பொதுவாகச் சராசரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. உங்களுக்கு 80 வந்தாலும் பயன்படுத்த எளிது என்றுதான் அர்த்தம், வரிசை குறைந்தது என்று இல்லை. தவிர நம் ஊர்க்காரர்கள் நேரில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்குது தம்பி" என்பார்கள், பையன் மனசு நோகக்கூடாது என்று. அதனால் கருத்துக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியா எப்பங்க டோக்கன் நேரத்த விட்டுட்டு வேற நேரத்துல வந்தீங்க? அன்னிக்கி என்ன ஆச்சு?" என்று கேட்டால் பத்து நிமிஷம் விடாமல் பேசுவார்.

9. வடிவமைப்புக் கொள்கையாகப் பிரித்தெடுங்கள்

வைவா கேள்விக்கான பதில் இங்கே உருவாகிறது. கிரெகர், சந்திரா குரூஸ், சைடல் மூவரும் 2020இல் தந்த அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள்: யார், யாருக்காக, என்ன நோக்கத்துக்கு, எந்தச் சூழலில், என்ன வழியில், ஏன்.

"எளிய இடைமுகம் வேண்டும்" என்பது கொள்கை இல்லை. சிக்கலான இடைமுகம் வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. எதிர்ப்பக்கத்தையும் நியாயமாக வாதிட முடிகிற மாதிரி இருந்தால்தான் அதில் சரக்கு இருக்கிறது. எழுதிப் பார்ப்போம்: அறுவடைக்குப்பின் திரும்ப வைக்க முடியாத பொருளை, வேகம் ஏறி இறங்கும் ஆலை வாங்கும் சூழலில், விவசாயியின் காத்திருப்பைக் குறைக்க விரும்பும் அமைப்பாளர், பொருள் வந்தபின் எண் தருவதற்குப் பதிலாக அறுவடைக்கு முன் நேரம் தர வேண்டும்; ஏனென்றால் காத்திருப்பைச் செலவில்லாமல் தாங்கக்கூடிய இடம் செடியும் மரமும்தான்.

சூழல் பகுதியை விடாதீர்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்கு இது பொருந்துமா? பழுத்த தக்காளி செடியில் அதிக நாள் காத்திருக்காது, பெங்களூரா மாங்காய் கொஞ்சம் காத்திருக்கும். எங்கே பொருந்தாது என்று நீங்களே எழுதிவிட்டால் தேர்வாளர் கண்டுபிடிக்க ஒன்றுமிருக்காது.

10. எழுதும் வரிசை

ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து எழுதாதீர்கள். 5ஆம் படியில் எழுதிய வாக்கியம், அதற்கு வந்த முடிவு, 9இன் கொள்கைகள், இவற்றை முதலில் எழுதுங்கள். அப்புறம் மதிப்பீடு, வடிவமைப்புக் குறிப்பு, கோட்பாடு, முன்னுரை கடைசி. இப்படிப் போனால் லிட்ரேச்சர் ரிவியூ தானாகவே சுருங்கும், எந்தக் கட்டுரை எதற்கு வேண்டும் என்று அதற்குள் தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் பிற்சேர்க்கைக்குப் போகட்டும், முறையை விளக்கும் ஒன்றிரண்டு மட்டும் உள்ளே இருக்கலாம். உடைந்த வாக்கியத்தைப் பழைய தேதியோடு அப்படியே அச்சிட்டு, கீழே எது உடைந்தது என்று எழுதுங்கள். முடிவு தெரிந்தபின் வாக்கியத்தைத் திருத்தி எழுதினால் 5ஆம் படிக்கு அர்த்தமே இல்லை.

பெஃபர்ஸ் முறையின் ஆறாவது கட்டம் வெளியே சொல்வது, 2004 கட்டுரையின் ஏழாவது நெறியும் அதுவே: தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கும் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் புரியச் சொல்ல வேண்டும். ஜர்னலுக்கு ஒரு கட்டுரை, ஆலை மேலாளருக்குத் தமிழில் ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் நேரம் ஒதுக்கும் விதி, அது வேலை செய்யாத சந்தர்ப்பங்கள், ஆப் நின்றுபோனால் நோட்டில் தொடர்வது எப்படி, இவ்வளவு போதும். அடுத்த சீசனுக்கு முன், மாமரம் பூவெடுக்கும் ஜனவரி வாக்கில், கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஜூனில் போனால் உட்காரச் சொல்லக்கூட ஆள் இருக்காது.